சீட்டித் துணியில் சுற்றப்பட்டவள்

கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் சொல்கிறது. பொருளதிகாரத்தில், அகத்திணையியலில், ஒரே ஒரு வரி. அதற்கு வேறு பொருள் சொன்ன உரையாசிரியரும் உண்டு. ஆனாலும் வகுப்பில் நாங்கள் நடத்துவது இந்தப் பொருளைத்தான். நானும் பல வருடங்களாக, இரண்டு மதிப்பெண் வினாவுக்குரிய விடையாக, அதைச் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேடம், எங்க ஆயா இதையேதான் சொல்லும். படகுல பொம்பள கால் வைக்கக் கூடாது, வலையைத் தாண்டக் கூடாதுன்னு. ஆயா தொல்காப்பியம்லாம் படிச்சதில்ல." வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. அண்ணனின் கம்ப்யூட்டரில் கடற்கொள்ளையர் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அதில் கப்பலில் இரண்டு பெண்கள் வருகிறார்களாம், ஒருத்தி ஆண் வேஷத்தில். "ரெண்டு பேருமே வெள்ளக்காரிங்க. நம்ம கடல்ல யாரும் இல்லையா மேடம்?"

அவள் சொன்னது 2013இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட்: பிளாக் ஃப்ளாக்' என்ற விளையாட்டை. அந்த இரண்டு பெண்கள் ஆன் போனி, மேரி ரீட். இருவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். 1720இல் ஜமைக்காவில் பிடிபட்டு, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது கர்ப்பமாக இருப்பதாகச் சொல்லி உயிரை நீட்டித்துக்கொண்டவர்கள். மேரி ரீட் 1721இல் சிறையிலேயே இறந்துபோனாள். பெண் கடற்கொள்ளையர் என்றதும் உலகம் முழுவதும் இந்த இரண்டு பெயர்களைத்தான் சொல்கிறார்கள். தென்சீனக் கடலில் நூற்றுக்கணக்கான கப்பல்களைத் தன் ஆணைக்குள் வைத்திருந்து, 1810இல் அரசோடு பேரம் பேசிச் சரணடைந்து, வயதாகிப் படுக்கையில் இறந்த செங் யி சாவ் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வருகிறாள்.

மாணவியின் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. "பூங்குழலி இருக்காளே" என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் வெட்கமாக இருந்தது. வரலாறு கேட்டவளுக்குத் தொடர்கதையிலிருந்து ஆள் பிடித்துக் கொடுத்திருந்தேன்.

ஆனால் அந்தத் தொடர்கதைகளையும் சும்மா தள்ளிவிட முடியாது. நான் வளர்ந்தது திருவொற்றியூரில். எங்கள் தெருவில் ஆண்கள் ஷிப்டுக்குப் போன பிறகு பெண்கள் படிப்பார்கள். குமுதத்தில் வந்த சாண்டில்யனின் 'கடல் புறா'வை வாராவாரம் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்ட ஒரு கட்டு எங்கள் பெரியம்மாவிடம் இருந்தது. அது நாலைந்து வீடு சுற்றி வரும். திரும்பி வரும்போது சில பக்கங்களில் மஞ்சள் கறை இருக்கும். பெரியம்மா ஒருநாளும் படகில் ஏறியதில்லை. கடல் அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. சுமத்ராவின் அக்ஷயமுனையில் கப்பலை எப்படி நிறுத்த வேண்டும், பாய்மரத்தை எந்தக் காற்றுக்கு எப்படித் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

'கடல் புறா'வின் நாயகன் கருணாகரத் தொண்டைமான். கலிங்கத்துப்பரணி கொண்டாடும் அதே படைத்தலைவன். பரணியில் தரைப்போர் வீரனாக இருப்பவனைச் சாண்டில்யன் கடலில் இறக்கி, கடற்கொள்ளைக்காரனிடம் பயிற்சி எடுக்க வைத்து, கொள்ளையனாகவே உலவவிட்டார். அந்தக் கொள்ளைக்காரனுக்கு அவர் வைத்த பெயர் அகூதா. சீன வரலாற்றில் அகூதா என்பவர் வடக்கே சின் பேரரசை நிறுவிய அரசர், கடலோடு சம்பந்தமில்லாதவர். இந்தத் துணிச்சல் எனக்கு இப்போதும் பிடிக்கும். ஆண்களை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்து எந்தக் கடலில் வேண்டுமானாலும் விடலாம். பெண்கள் விஷயத்தில் மட்டும் கற்பனை கரையோரமே நின்றுவிடுகிறது. காஞ்சனாதேவி வாள் பிடிக்கத் தெரிந்தவள். மஞ்சளழகி அரசியல் தெரிந்தவள். இருந்தும் அவர்கள் வரும்போதெல்லாம் கப்பல் நின்றுவிடும், உடல் வருணனை ஓடும். பக்கக்கணக்கில் ஓடும். அந்தப் பக்கங்களைப் பெரியம்மா எப்படிப் படித்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்தபோது அவர் இல்லை.

கல்கி பரவாயில்லை. 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னில் படகோட்டும் பெண்கள் இருவர். இருவரும் தனியாகவே கடலைக் கடக்கிறார்கள். யாருடைய துணையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. புயலில் சிக்கிய அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் கடலிலிருந்து மீட்பவள் பூங்குழலிதான். ஆனால் இருவருக்கும் கல்கி என்ன முடிவு கொடுத்தார் என்று பாருங்கள். மந்தாகினிக்குப் பேச்சே கிடையாது; அரசனை நோக்கி வந்த வேலைத் தன் உடலில் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறாள். பூங்குழலி பட்டத்தரசியாகி அரண்மனைக்குள் போய்விடுகிறாள். துடுப்பு பிடித்த இரண்டு கைகளும் கதை முடியும்போது தண்ணீரில் இல்லை. 2022இல் படம் வந்தபோது என் மாணவிகள் பூங்குழலியின் படகுக் காட்சியைத்தான் மறுபடி மறுபடி பார்த்தார்கள். கடைசியில் அவள் ராணியாவது அவர்களில் பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. எனக்கு அது நல்ல மறதியாகப் பட்டது.

காப்பியத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. மணிமேகலை கடல் கடந்தவள்தான். மணிபல்லவம் போகிறாள், சாவகம் போகிறாள். ஆனால் கப்பலில் அல்ல. முதலில் தெய்வம் தூக்கிக்கொண்டு போகிறது, பிறகு மந்திரத்தால் பறக்கிறாள். கப்பலேறி உடைந்துபோய் நாகர் தீவில் கரையேறுகிறவன் சாதுவன். செய்தி கேட்டுத் தீயில் இறங்குகிறவள் கரையிலிருந்த ஆதிரை. பெண்ணுக்கு வானத்தைக்கூடத் தந்துவிட்டார் சாத்தனார், ஒரு மரக்கலத்தைத் தர மனம் வரவில்லை.

சரி, வரலாற்றில்? கடற்கொள்ளையர் நம் கரைக்கு வரவில்லையா?

வந்தார்கள். ஒருவரைப் பற்றி நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவரே எழுதிவைத்திருக்கிறார். வில்லியம் டாம்பியர். இங்கிலாந்துக்காரர். கல்யாணமான சில மாதங்களிலேயே மனைவியை விட்டுவிட்டு 1679இல் கப்பலேறியவர் திரும்பிப் போனது 1691இல். இடையில் கரீபியக் கடலிலும் பசிபிக் கரையிலும் ஸ்பானியக் கப்பல்களையும் ஊர்களையும் கொள்ளையடித்த கூட்டங்களோடு திரிந்தார். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று நடத்தும்போது, இப்போதெல்லாம் அந்த ஜூடித் டாம்பியரையும் நினைத்துக்கொள்கிறேன். 12 வருடம்.

கூட்டாளிகளோடு ஒத்துப்போகாமல் 1688இல் நிக்கோபாரில் இறங்கிக்கொண்ட டாம்பியர், சிறு தோணி ஒன்றில் புயலோடு போராடி சுமத்ராவின் அச்சேவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது ஒரு பெண்ணின் ஆட்சி. 1641 முதல் 1699 வரை அச்சே சுல்தானகத்தை ஒருவர் பின் ஒருவராக நான்கு அரசியர் ஆண்டார்கள். குஜராத்தியர், சீனர், ஐரோப்பியர், நம் சோழமண்டலக் கரை வணிகர் எல்லோரும் கூடிய துறைமுகம் அது. பெரியம்மாவின் அக்ஷயமுனைக்கும் அதே சுமத்ராதான். சாண்டில்யனுக்கு ஒரு ராணி வேண்டியிருந்தால் அந்தத் தீவிலேயே உண்மையான ராணிகள் நான்கு பேர் இருந்தார்கள், அவர் கதைக்காலத்துக்குச் சில நூற்றாண்டு தள்ளி. அவர்கள் நமக்குப் பாடத்திலும் இல்லை, கதையிலும் இல்லை.

1690இல் டாம்பியர் மதராசுக்கு வந்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டை. ஆளுநர் எலிஹு யேல். சில மாதங்கள் இங்கே தங்கினார். துறைமுகம் என்று எதுவும் அப்போது கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கும் ஆளும் வருவது மசூலாப் படகில், கட்டுமரத்தில். அந்தப் படகுக்காரர்களின் சந்ததியினர்தான் பிறகு வடக்கே தள்ளி, பேதுருவாகிய ராயப்பரின் பெயரில் கோயில் கட்டிக்கொண்டு, அந்தப் பகுதியையே ராயபுரம் ஆக்கினார்கள். டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் நம் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்றிரண்டு மரத்துண்டு, அதன்மேல் ஒரே ஆள், அவன் கால் எப்போதும் தண்ணீரில். இன்று விளையாட்டு வீரர்களும் கோடீஸ்வரர்களும் ஓட்டுகிற படகுக்கு 'கட்டமரான்' என்று பேர் வழங்குகிறதென்றால், அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பரப்பியவர்களில் இந்தக் கொள்ளைக்காரரும் ஒருவர்.

இந்தக் கதையை நம் ஊரில் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். கட்டுமரம் உலகப் புகழ் பெற்றது, சுபம். நான் அடுத்த பக்கத்தைப் படித்தேன்.

அதே 1690இல் பிலிப்பைன்ஸ் பக்கம் மிண்டனாவோவிலிருந்து ஒரு கப்பல் மதராசுக்கு வந்தது. மூடி என்ற ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய இரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஒருவன் உடலெங்கும் பச்சை குத்தியவன், பெயர் ஜியோலி. இன்னொருத்தி அவன் அம்மா. மியாங்கஸ் என்ற சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்தவர்கள். குடும்பத்தோடு பக்கத்துத் தீவுக்குப் படகில் போனபோது காற்று அடித்துக்கொண்டு போய் மிண்டனாவோவில் தள்ளியது, அங்கே பிடித்து அடிமையாக்கினார்கள், பிறகு விற்றார்கள். மூடி அந்த இருவரிலும் பாதிப் பங்கை டாம்பியருக்குக் கொடுத்தார். ஒரு தாயிலும் மகனிலும் பாதிப் பங்கு.

சுமத்ராவின் பென்கூலனில் டாம்பியர் ஆங்கிலக் கோட்டையின் பீரங்கிக்காரராக வேலை பார்த்தார். தாயையும் மகனையும் கோட்டைக்கு வெளியே ஒரு வீட்டில் வைத்திருந்தார். மகன் நான்கு பலகையை அடித்துப் பெட்டி செய்வான். அம்மா துணி தைப்பாள், கிழிசல் ஒட்டுவாள். அதிலும் அவளுக்கு அவ்வளவு கைநேர்த்தி இல்லை என்று டாம்பியர் எழுதுகிறார். அவர்கள் தீவில் இடுப்பில் ஒரு துண்டு மட்டுமே கட்டுவார்களாம், தையலுக்கு வேலை ஏது. பிறகு இருவருக்கும் உடம்புக்கு வந்தது. அம்மா இறந்துபோனாள்.

டாம்பியர் புதுத்துணி ஒன்றில் அவளைச் சுற்றச் சொன்னார். ஜியோலி அதோடு விடவில்லை. தன் துணிகள், அவள் துணிகள் எல்லாவற்றையும் அவள்மேல் சுற்றினான். மூடி அவளுக்குக் கொடுத்திருந்த இரண்டு புதுச் சீட்டித் துணிகளையும் எடுத்துச் சுற்றினான். அவை என் அம்மாவுடையவை, அவளோடுதான் போக வேண்டும் என்றான். தடுத்தால் இவனும் செத்துவிடுவானோ என்று பயந்து டாம்பியர் பேசாமல் இருந்தார். பயத்துக்குக் காரணம் பரிவு மட்டுமல்ல. பச்சை குத்திய உடலை லண்டனில் காட்டிச் சம்பாதிக்கும் திட்டம் இருந்தது. அப்படியே நடந்தது. 1691இல் லண்டன் போன பிறகு கைமாறி, 'இளவரசன் ஜியோலோ' என்று விளம்பரம் செய்து காட்சிக்கு வைக்கப்பட்ட அவன், ஆக்ஸ்போர்டில் அம்மை கண்டு இறந்தான். அவனுக்குப் பெயராவது இருக்கிறது. ஓவியம்கூட இருக்கிறது.

அவன் அம்மாவுக்குப் பெயர் இல்லை. டாம்பியர் எழுதவில்லை. கப்பலின் எடை, காற்றின் திசை, எந்த ஊரில் எந்தப் பழம் என்ன ருசி என்பதையெல்லாம் எழுதிய மனிதர்.

சீட்டியை என்னால் கடந்துபோக முடியவில்லை. மதராஸ் என்ற ஊரே 1639இல் துணிக்காகத்தான் உண்டாயிற்று. வண்ணாரப்பேட்டை என்ற பெயர் கம்பெனித் துணியை வெளுத்தவர்களிடமிருந்து வந்தது. எங்கள் திருவொற்றியூரில் இருக்கும் காலடிப்பேட்டை உண்மையில் காலெட் பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். (காலடி பற்றி வேறொரு கதை சொல்வார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.) இதெல்லாம் அவள் வந்துபோனதற்குக் கொஞ்சம் பிந்தியது. ஆனால் மதராசிலிருந்து போன ஒரு பெண்ணிடமிருந்த புதுச் சீட்டி இந்தக் கரைத் துணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நெய்தவர், சாயம் தோய்த்தவர், வெளுத்தவர் வீடுகளில் பெண்களின் கை படாமல் எந்தத் துணியும் வெளியே போகாது.

இன்னொரு கப்பலையும் சொல்ல வேண்டும். இது நம் கரை அல்ல, சூரத். 1695இல் ஹஜ் பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்த 'கஞ்ச்-இ-சவாய்' என்ற முகலாயக் கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கொள்ளையன் பிடித்தான். கடற்கொள்ளை வரலாற்றின் மிகப் பெரிய வேட்டைகளில் ஒன்று. அந்தக் காலத்தில் வாழ்ந்த கஃபி கான் எழுதியிருக்கிறார்: கப்பல் தலைவன் கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய், தான் விலைக்கு வாங்கி வந்த துருக்கியப் பெண்களின் தலையில் தலைப்பாகை கட்டி, கையில் வாள் கொடுத்து, சண்டை போட அனுப்பினானாம். ஆண் வேடமிட்ட மேரி ரீடைக் கொண்டாடுகிற எந்தக் கதையிலும் இந்த ஆண் வேடம் வராது. நாட்கணக்கில் பெண்கள்மேல் வன்முறை நடந்தது. கடலில் குதித்தவர்கள் உண்டு. மாட்டிக்கொண்ட எவரியின் ஆட்கள் சிலரை 1696இல் லண்டனில் விசாரித்தபோது, இந்தக் கப்பலைக் கொள்ளையிட்ட குற்றத்தில் நடுவர்கள் விடுதலை கொடுத்துவிட்டார்கள். பிறகு வேறொரு குற்றத்தில், ஆங்கிலக் கப்பலைத் திருடிய குற்றத்தில், ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள்.

2016இல் வந்த 'அன்சார்ட்டட் 4' விளையாட்டின் கதையே எவரியின் புதையலைத் தேடுவதுதான். அழகான விளையாட்டு, மறுக்கவில்லை. மாணவியின் அண்ணன் புண்ணியத்தில் நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். மடகாஸ்கர் பசுமை, இடிந்த மாளிகைகள், பொன். அந்தப் பொன் யார் கழுத்திலிருந்து, யார் காதிலிருந்து வந்தது என்பது மட்டும் ஆட்டத்தில் ஒரு புதிராகக்கூட இல்லை.

பிறகு, பெண்கள் கப்பலேறக் கூடாது என்ற அந்த வரி ஒருநாள் உடைந்தது. 1860 அக்டோபரில் மதராசிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. 342 பேர். ஒப்பந்தக் கூலிகள். பெண்கள், குழந்தைகள் இருந்தார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று பின்னாளில் விதியே போட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்கு அது தேவைப்பட்டது. தொல்காப்பியம் சொன்ன வழக்கத்தைச் சர்க்கரை ஒரு நொடியில் மாற்றிவிட்டது. அந்தப் பெண்களுக்குப் பெயர்கள் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடலில் அடையாளத் தழும்பு எல்லாம் கப்பல் பட்டியலில் ஏற்றப்பட்டன. இந்தக் கடலைக் கடந்த தமிழ்ப் பெண்களை வரிசையாகப் பெயர் சொல்லிப் படிக்க வேண்டுமென்றால் நாம் திறக்க வேண்டியது அந்தப் பேரேடுகளை.

நம் ஊர் ஞாபகம் வேறு மாதிரி. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது; ஒரு ராத்திரிச் சமாச்சாரம். இன்றைக்கும் கெட்டிக்காரப் பையனை 'எம்டன்' என்கிறோம். பெண்ணை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

டாம்பியரின் கதையை வகுப்பில் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லை, அரை மணி நேரம் போனது, பரவாயில்லை. அந்த மாணவி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் என்னைக் காசிமேட்டுக்கு, அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அம்மா மீன் ஏலத்துக்குப் போயிருந்தார். விடியற்காலை இரண்டு மணிக்குத் துறைமுகத்தில் நிற்க வேண்டும். கூடை விலைக்கு எடுத்து, பஸ்ஸில் ஏற்றவில்லையென்றால் ஷேர் ஆட்டோவில் போய் விற்று வர வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, போன கூடை நிறைய அப்படியே திரும்பி வந்தது என்று மகள் சொன்னாள். அவர் படகில் ஏறியதில்லை, கடலை நம்பித்தான் பிழைப்பு.

ஆயா திண்ணையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். பேத்தி ஏற்கெனவே கதையைச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நேராக அங்கேதான் வந்தார்.

"அந்தப் பொம்பளைக்குக் கோடி போட்டான்னு சொல்லிச்சே பாப்பா, நெசமா?"

"நெசம்தான் ஆயா. புதுத்துணி. மகன் போட்டான்."

"பொறந்த வூட்டுக் கோடி?"

"யாரும் இல்லையே ஆயா. அவங்க ஊரு எங்கயோ இருக்கு."

ஆயா கையிலிருந்த இறாலைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"சீட்டி ரெண்டுன்னுதானே சொன்ன? அப்ப ஒண்ணு மகன் கணக்கு. ஒண்ணு பொறந்த வூட்டுக் கணக்கு."